காத்திருக்கத் தெரிந்த கருவி

2018 மே மாதம் டெல்லியின் முனிர்காவுக்கு மெட்ரோ வந்தது. அதுவரை குருகிராம் ஆபீஸுக்குப் போகிறவர்கள் வெளிவட்டச் சாலையில் பஸ்ஸுக்கும் ஷேர் வண்டிக்கும் அலைமோதுவார்கள். இப்போது மெஜந்தா வழியில் ஏறி ஹௌஸ் காஸில் மாறினால் போதும். பால்கனிகள் முட்டிக்கொள்ளும் சந்துகளும் வாடகை அறைகளும் மட்டும் அப்படியேதான். அந்த அறைகளில் லேப்டாப்போடு கிடக்கும் சாஃப்ட்வேர் டெஸ்டர்களின் பேச்சில் அன்று அடிபட்ட பெயர், புரட்ராக்டர்.

இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் ஆங்குலரின் குழு, அவற்றைச் சோதிக்க 2013-இல் கொண்டுவந்த கருவி அது. உள்ளே, ப்ரவுசரைத் தானாக ஓட்டும் செலினியம்தான். ஆனால் ஆங்குலர் பக்கம் தன் வேலையை முடிக்கும்வரை தானே பொறுத்திருந்து, அப்புறம்தான் பட்டனை அழுத்தும். அன்றைய ஜாவாஸ்கிரிப்டில் ஒன்றன்பின் ஒன்றாக நடக்க வேண்டியதை எழுதுவது பெரும்பாடு. அதற்காகக் கட்டளைகளை வரிசைப்படுத்தும் ஏற்பாடு ஒன்று செலினியத்தில் இருந்தது; புரட்ராக்டர் அதை நம்பியே எழுந்தது. 2017-இல் அந்த வேலைக்கான அசிங்க், அவைட் மொழிக்குள்ளேயே வந்துவிட்டன. செலினியம் 4 அந்த ஏற்பாட்டைக் கழற்றிவிட்டது. 2021-இல் வந்த ஆங்குலர் 12, புதிய ப்ராஜெக்ட்களில் புரட்ராக்டரைச் சேர்க்கவில்லை. 2023 ஆகஸ்டோடு ஆதரவும் நின்றது. பெற்றவர்களே போதும் என்றது எனக்குப் பிடித்திருந்தது.

நம் ஆபீஸ்களில் அப்படி நடக்காது. லைசென்ஸ் காசா கேட்கிறது, கிடக்கட்டும் என்பார்கள். ராத்திரி ஓடிய டெஸ்ட்களில் சிவப்பாக நிற்பவற்றைக் காலையில் ஒருவர் உட்கார்ந்து நோண்ட வேண்டுமே, அவர் சம்பளத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பழைய புரட்ராக்டர் ஸ்கிரிப்டைத் திறந்து 'ப்ரவுசர்.ஸ்லீப்(5000)' எத்தனை இடத்தில் வருகிறதென்று தேடிப் பாருங்கள். ஐந்து நொடி சும்மா நில் என்று அர்த்தம். தானே பொறுத்திருக்கும் என்றுதான் இந்தக் கருவியைக் கொண்டுவந்தோம். அதற்கே கையால் நேரம் குறித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றால், அதை வைத்திருக்க வேறென்ன காரணம்?

இன்று மைக்ரோசாஃப்டின் ப்ளேரைட் வந்துவிட்டது. பட்டன் அழுத்தத் தயாராகும்வரை பொறுத்திருப்பது அதற்கு இயல்பு. பக்கம் ஆங்குலரா வேறா என்று பார்ப்பதில்லை. உடனே எல்லா டெஸ்ட்டையும் அதற்கு மாற்றக் கிளம்புவார்கள். அது வீண்வேலை. எண் கேட்கும் பெட்டியில் எழுத்துப் போட்டால் பிழைச்செய்தி வருகிறதா என்பதையெல்லாம் யூனிட் டெஸ்ட்டே கணத்தில் சொல்லிவிடும், அவற்றைத் தூக்கிவிடலாம். பணம் கட்டும் பட்டனை அழுத்தி, பேங்க் பக்கம் போய், ஓடிபி போட்டு, ரசீதோடு திரும்புகிற வழி மட்டும் யூனிட் டெஸ்ட்டுக்குப் பிடிபடாது. அதை ஓட்டிப் பார்க்க இன்றும் ஒரு கருவி வேண்டும்.