ஒற்றை இருக்கை மோட்டார் பந்தயத்தில் பெண்கள்: தமிழ்நாடும் ஸ்பெயினும்

ஒற்றை இருக்கைப் பந்தயக்கார் என்பது ஓட்டுநர் ஒருவர் மட்டுமே அமரக்கூடிய, சக்கரங்கள் உடலுக்கு வெளியே திறந்து நிற்கும், பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட கார் ஆகும். பார்முலா 1 இதன் உச்சநிலை. சிறுவயதில் கார்ட்டிங், பிறகு பார்முலா 4, பார்முலா 3, பார்முலா 2 என்று ஏணிப்படி போல ஏறித்தான் அந்த உச்சிக்குச் செல்ல முடியும். பெரும்பாலான விளையாட்டுகளைப் போல ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்ற பிரிவு இந்த ஏணியில் கிடையாது. இருபாலரும் ஒரே களத்தில், ஒரே விதிகளின்படி ஓட்டுகின்றனர். இருந்தும் 1976ஆம் ஆண்டு ஆஸ்திரியப் பந்தயத்தில் இத்தாலியரான லெல்லா லொம்பார்டி ஓட்டியதற்குப் பிறகு, பார்முலா 1 உலகப் போட்டி எதிலும் பெண் ஒருவர் பந்தயத்தைத் தொடங்கியதில்லை. அதற்கு முந்தைய ஆண்டு பார்சிலோனாவின் மோன்ட்சுயிக் ஓடுதளத்தில் நடந்த ஸ்பானியப் பந்தயத்தில் அவர் ஆறாவதாக வந்தார். விபத்தால் பந்தயம் பாதியில் நிறுத்தப்பட்டதால் ஒரு புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளியே கிடைத்தது. பார்முலா 1 உலகப் போட்டியில் பெண் ஒருவர் பெற்ற புள்ளி இன்றுவரை அந்த அரைப்புள்ளிதான்.

தமிழ்நாட்டுக் களம்

இந்தியாவில் இவ்விளையாட்டின் தாய்வீடு தமிழ்நாடு எனலாம். 1953இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டு மன்றம் முதலில் சோழவரம் பழைய விமான ஓடுபாதையில் பந்தயங்களை நடத்தியது. 1990இல் திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள நிலையான ஓடுதளம் அமைந்தது. கோயம்புத்தூரில் செட்டிபாளையம் அருகே 2.1 கி.மீ. நீளமுள்ள கரி மோட்டார் ஓடுதளம் உள்ளது. மாருதி 800 இயந்திரத்தைக் கொண்டு குறைந்த செலவில் 'பார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கைக் காரை வடிவமைத்த எஸ். கரிவரதனின் பெயரை அது தாங்கி நிற்கிறது. கோவையின் நரேன் கார்த்திகேயனும் சென்னையின் கருண் சந்தோக்கும் பார்முலா 1 வரை சென்றவர்கள். இருவரும் ஹிஸ்பானியா என்ற ஸ்பானிய அணியின் காரை ஓட்டியவர்கள் என்பது பலர் மறந்துவிட்ட செய்தி.

இதே மண்ணில் வளர்ந்த பெண் ஓட்டுநர்களில் முதலில் குறிப்பிட வேண்டியவர் சென்னையைச் சேர்ந்த அலிஷா அப்துல்லா (பிறப்பு 1989). தந்தை ஆர். ஏ. அப்துல்லா மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் தேசிய சாம்பியன். ஒன்பது வயதில் கார்ட்டிங்கில் நுழைந்த அலிஷா, பதின்ம வயதிலேயே பார்முலா கார்களுக்கு வந்து, 2004ஆம் ஆண்டு தேசியப் போட்டியில் ஐந்தாம் இடம் பெற்றார். ஆனால் அவர் பெயர் பரவலாக அறியப்பட்டது அதன் பின்னர் மாறிச்சென்ற இருசக்கரப் பந்தயத்தால்தான். இந்த மாற்றம் கவனிக்கத்தக்கது. பைக் பந்தயத்துக்கு ஆகும் செலவு பார்முலா காருக்கு ஆகும் செலவை விடக் குறைவு. ஏணியில் அடுத்த படி கண்ணுக்குத் தெரியாதபோது திறமையுள்ளவர் வேறு வழியைத் தேடுவது இயல்பே.

வடோதராவைச் சேர்ந்த மீரா எர்டா (பிறப்பு 2000) இன்னும் சில படிகள் ஏறினார். கார்ட்டிங்கிலிருந்து எல்ஜிபி பார்முலா 4, அங்கிருந்து பார்முலா பிஎம்டபிள்யூ கார்கள் ஓடிய தொடர் என்று ஆண்களோடு சேர்ந்தே ஓட்டினார். கொல்கத்தாவில் பிறந்து மும்பையில் வளர்ந்த ஸ்நேகா சர்மா, பயணிகள் விமானத்தை ஓட்டும் வேலையில் இருந்துகொண்டே பார்முலா கார்களையும் ஓட்டியவர். 2018ஆம் ஆண்டின் தேசியத் தொடரில் பெண்கள் மட்டுமே கொண்ட ஓர் அணியும் களம் கண்டது.

இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்திலேயே பெண் ஒருவர் வரலாறு படைத்ததும் உண்டு. 2019 பிப்ரவரியில் அங்கு நடந்த இறுதிச் சுற்றில் எம்ஆர்எஃப் சேலஞ்ச் தொடரின் பட்டத்தைப் பிரிட்டனின் ஜேமி சாட்விக் வென்றார். அத்தொடரை வென்ற முதல் பெண் அவர். எதிரே நின்றவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். வண்டி சென்னையில் செய்யப்படும் டயரில் ஓடியது, ஓடுதளம் நம்முடையது, ஓட்டியவர் மட்டும் வெளியிலிருந்து வந்தவர். 2022இல் தொடங்கிய இந்தியன் ரேசிங் லீக் ஒவ்வோர் அணியிலும் ஒரு பெண் ஓட்டுநர் இருக்க வேண்டும் என்று விதித்தது. அந்த இடங்களிலும் செக் நாட்டின் கப்ரியேலா யில்கோவா போன்ற ஐரோப்பியரே பெரும்பாலும் அமர்ந்தனர். அத்தொடர் 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. சாலையில் இரவுப் பந்தயமாகவும் நடந்தது.

ஸ்பானிய ஓட்டுநர்கள்

ஸ்பெயினின் நிலை வேறு. மத்ரித் நகரின் மரியா டி வில்லோட்டா, முன்னாள் பார்முலா 1 ஓட்டுநர் எமிலியோ டி வில்லோட்டாவின் மகள். 2012இல் மருசியா அணியின் சோதனை ஓட்டுநரானார். அவ்வாண்டு ஜூலை 3 அன்று இங்கிலாந்தின் டக்ஸ்ஃபர்டு விமானத் தளத்தில் நேர்கோட்டுச் சோதனை ஓட்டத்தை முடித்துத் திரும்புகையில் நின்றிருந்த பாரவண்டியின் பின்புறத்தில் கார் மோதியது. வலக்கண்ணை இழந்தார், 2013 அக்டோபர் 11 அன்று செவியாவில் காலமானார். கார்மென் ஹோர்தா ஜிபி3 தொடரில் மூன்று ஆண்டுகள் ஓட்டி, 2015இல் லோட்டஸ் அணியில் மேம்பாட்டு ஓட்டுநர் ஆனார். பெலன் கார்சியா 2019இல் ஸ்பானிய பார்முலா 4 தொடரில் பந்தயம் ஒன்றை வென்றார். தேனியா நகரின் மார்த்தா கார்சியா 2023இல் தொடங்கிய எஃப்1 அகாடமி என்னும் பெண்கள் தொடரின் முதல் சாம்பியன். அதே தொடரில் நெரேயா மார்த்தியும் ஓட்டினார்.

சிறிய ஊர்களிலும் கார்ட்டிங் தளம், அதற்கு மேலே 2016 முதல் தேசிய பார்முலா 4 தொடர் என்று அங்கே படிகள் அடுத்தடுத்து இருந்தன. இந்தியாவில் பன்னாட்டுக் கூட்டமைப்பின் ஏற்புடைய பார்முலா 4 தொடர் 2023இல்தான் முதன்முதலாக நடந்தது. அலிஷாவுக்கு அது இருபதாண்டு தாமதம்.

செலவும் தொலைவும்

எஃப்1 அகாடமியின் முதல் ஆண்டில் ஓட்டுநர் தரப்பில் கட்ட வேண்டிய தொகை 1,50,000 யூரோ. அதே அளவு தொகையை பார்முலா 1 நிறுவனம் தன் பங்காகப் போட்டது. யூரோ 90 ரூபாய் எனக் கொண்டால் ஓட்டுநரின் பங்கு 1 கோடியே 35 லட்சம் ரூபாய். அவ்வாண்டு சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,183 ரூபாய். ஏக்கருக்கு 20 குவிண்டால் விளைவதாக வைத்துக் கணக்கிட்டால், ஏறத்தாழ 309 ஏக்கரின் ஒருபோக விளைச்சல், உழவுக்கூலி, உரச்செலவு எதுவும் கழிக்காமல், ஒரு பெண்ணின் ஓராண்டுப் பந்தயத்துக்குப் போய்விடும். விளம்பரதாரர் இல்லாமல் எந்தக் குடும்பத்தாலும் இது ஆகாது. இதற்கு முன் கட்டணமே இல்லாமல் ஓட்ட இடமளித்த டபிள்யூ சீரிஸ் தொடர், 2022இல் பணமின்றிப் பாதியில் நின்றது.

தொலைவும் ஒரு தடையே. காவிரிப் படுகையில் பந்தயம் என்றால் மாட்டுவண்டிப் பந்தயம்தான் நினைவுக்கு வரும். மோட்டார் பந்தய ஓடுதளம் அங்கு இல்லை. தஞ்சாவூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஏறத்தாழ 300 கி.மீ., கோவை 250 கி.மீ.க்கு மேல். கார்ட்டிங்கோ எட்டு, ஒன்பது வயதில் தொடங்கி வாராவாரம் பழக வேண்டிய பயிற்சி.

உடல்வலு பற்றிய ஐயமும் அடிக்கடி எழுப்பப்படுகிறது. பார்முலா 3, பார்முலா 2 கார்களில் பவர் ஸ்டீரிங் இல்லை. வளைவுகளில் கழுத்தும் தோளும் பெரும் விசையைத் தாங்க வேண்டும். உடற்பயிற்சியால் ஈடுசெய்யக்கூடியதே என்றாலும், அதற்குப் பயிற்சியாளரும் ஓடுதள நேரமும் தேவை. அவை இரண்டும் மீண்டும் பணத்தையே கேட்கின்றன.