மின்தடைக் காலத்திற்கேற்ற ஜெனரேட்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் கொள்ளிடக் கரையும் வாய்க்கால் பாய்ச்சலுள்ள பகுதிகளும் நீங்கலாக, மற்ற இடங்களில் மழையும் கிணற்று நீருமே வேளாண்மைக்கு ஆதாரம். கிணற்று நீரை இறைப்பதோ பெரும்பாலும் மின்சார மோட்டார். ஆகையால் மின்சாரம் நின்றால் சின்ன வெங்காயப் பாத்தி வாடுவதோடு குடிநீர்த் தொட்டியும் வறண்டுபோகும். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் நாகை, வேதாரணியம் பகுதியில் கரை கடந்தபோது லட்சத்திற்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. டெல்டாக் கிராமங்கள் பலவற்றில் ஜெனரேட்டரின் உதவியாலேயே தொட்டிகள் நிரப்பப்பட்டன.

விலையை மாத்திரம் பார்த்து வாங்கிய சிறு ஜெனரேட்டர் விளக்கை எரிக்கும்; பம்பைக் கிளப்பாது. ஓடும்போது வேண்டிய மின்னோட்டத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு வரை மோட்டார் கிளம்பும் சில விநாடிகளில் தேவைப்படுவதே இதற்குக் காரணம்.

வீட்டிற்கு 5 விளக்குகள், 2 விசிறிகள், ஒரு தொலைக்காட்சி, ஒரு குளிர்ப்பெட்டி ஆகியவற்றிற்குச் சுமார் 450 வாட் போதும். எனினும் குளிர்ப்பெட்டி கிளம்புவதை உத்தேசித்து 2 கே.வி.ஏ. யந்திரம் வாங்குதல் நலம். 5 குதிரைச் சக்தி மும்முனை மோட்டாரை நேராகக் கிளப்புவதற்கு 12 முதல் 15 கே.வி.ஏ. வரை தேவைப்படலாம். ஆறு கம்பி மோட்டாராயின், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் கிளம்பும் மின்னோட்டத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கும். இவ்வளவு பெரிய யந்திரம் கையால் தூக்கத்தக்கதன்று. சக்கர வண்டியில் ஏற்றி டிராக்டரால் இழுக்கவேண்டும். அண்டை நிலத்தார் சிலர் கூடி வாங்கினால் செலவு பகிரப்படும். யந்திரத்தின் தகட்டில் உச்ச அளவு, தொடர் அளவு என இரண்டு காணப்பட்டால் தொடர் அளவையே கொள்ளவேண்டும்.

இனி, உயிரைக் காக்கும் விதிகள் இரண்டு. எஞ்சின் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை அறியாமலே கொன்றுவிடும். மழை பெய்யினும் வீட்டினுள்ளோ, திண்ணையிலோ, மோட்டார் அறையிலோ ஜெனரேட்டரை ஓட்டலாகாது. கதவு, சன்னல்களுக்கு 20 அடி அப்பால், மேலே கூரையிட்டு நாற்புறமும் திறந்த இடத்தில் வைக்கவேண்டும்.

அடுத்தது, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இன்றி ஜெனரேட்டரை வீட்டுக் கம்பியில் இணைக்கக்கூடாது. இணைத்தால் மின்சாரம் பின்னோக்கிச் சென்று, டிரான்ஸ்பார்மரில் 11,000 வோல்டாக உயர்ந்து, அறுந்த கம்பியைச் செப்பனிடும் ஊழியரின் உயிரைப் பறிக்கும்.

மாதம் ஒருமுறை யந்திரத்தைச் சிறிது நேரம் பளுவுடன் ஓட்டிப் பார்க்கவேண்டும். பெட்ரோல் யந்திரத்தை நெடுநாள் நிறுத்துவதாயின் கார்புரேட்டரிலுள்ள எண்ணெயை வடித்துவிடவேண்டும். எஞ்சின் ஆறிய பின்னரே எண்ணெய் ஊற்றவேண்டும்.

கிராம அதிகாரிகள் ஐப்பசி பிறக்குமுன் தங்கள் ஊரில் எவரிடம் எவ்வளவு திறனுள்ள ஜெனரேட்டர் உள்ளதென்றும், குடிநீர்த் தொட்டி மோட்டாரின் குதிரைச் சக்தி எவ்வளவென்றும் குறித்து வைத்தல் நன்று. புயல் அடித்த மறுநாள் அக்குறிப்பே ஊருக்குத் தண்ணீர் தரும்.