செம்மண் மேட்டுக்கு எந்த வண்டி?

புதுச்சேரி நகருக்குள் மட்டும் சுற்றுகிறவருக்கு மண்பாதையில் ஓட்டும் டர்ட் பைக் எதற்கு? கடற்கரைச் சாலையில் மாலையானால் எந்த வண்டியையும் விடுவதில்லை. கோடு போட்டதுபோல் நேராக ஓடும் தெருக்களில் சைக்கிளே தாராளம். ஆனால் ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் கோரிமேட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். நிலம் மெல்ல உயரும், மண் சிவக்கும். அங்கிருந்து குயிலாப்பாளையம், ஆரோவில், வானூர், திருவக்கரை என்று தமிழ்நாட்டு எல்லைக்குள் செம்மண் நீண்டுகொண்டே போகும். முந்திரித் தோப்புக்கும் பனைவரிசைக்கும் நடுவே வண்டித்தடங்கள் ஓடும். சனி, ஞாயிறுகளில் ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் மாட்டிக்கொண்டு சிலர் கிளம்புவது இந்தத் தடங்களைத் தேடித்தான்.

உங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா இப்படி ஒரு வண்டி வாங்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கலாம். எத்தனை சி.சி., எவ்வளவு வேகம் என்று மொபைலில் தேடிக்கொண்டிருப்பார். இரண்டும் கடைசியில் பார்க்க வேண்டியவை. முதலில் பார்க்க வேண்டியது மண்.

நம் செம்மண்ணின் நிறம் இரும்பு தந்தது. மண்ணிலுள்ள இரும்பு காற்றும் நீரும் பட்டுத் துருவாகி, ஒவ்வொரு மணல் துகளின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. அடியில் இருப்பது கடலூர் மணற்கல் என்று புவியியலார் அழைக்கும் பாறை. திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 2 கோடி ஆண்டு வயதான அந்த மரங்கள் கிடப்பதும் இதே பாறை அடுக்கில்தான். இந்த மண்ணில் மணலும் உண்டு, களியும் உண்டு. உங்கள் தெருவில் எது அதிகம் என்று பார்க்க ஒரு பிடி மண்ணை ஈரமாக்கி, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். முறுக்குப் பிழிந்ததுபோல் நீளமாகத் திரண்டு வந்தால் களி அதிகம். பொலபொலவென்று உதிர்ந்தால் மணல் அதிகம். விவசாயத் துறையினர் வயலில் செய்யும் சோதனையும் கிட்டத்தட்ட இதுதான்.

மணலும் களியும் ஈரம் பட்டால் ஒன்றுக்கொன்று நேர் எதிராக நடந்துகொள்ளும். களித்துகள்கள் தட்டையான நுண்ணிய தகடுகள். நடுவே தண்ணீர் புகுந்ததும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். உலர்ந்த மணலோ கால் வைத்தாலே சரியும். சற்று ஈரமானால் கெட்டிப்படும், ஏனென்றால் துகள்களுக்கு நடுவே நிற்கும் மெல்லிய நீர்ப்படலம் அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. கடற்கரையில் அலை திரும்பிப் போன உடனே ஈர மணலில் காலை அழுத்தினால், காலைச் சுற்றி மணல் சட்டென்று வெளுத்து உலர்ந்ததுபோல் ஆகும். நெருக்கமாக அடுக்கிக் கிடக்கும் துகள்கள் நகர வேண்டுமானால் முதலில் ஒன்றைவிட்டு ஒன்று விலக வேண்டும். விலகியதால் உண்டான இடைவெளிக்குள் மேலே நின்ற தண்ணீர் இறங்கிவிடுகிறது. இதை 1885இல் விளக்கியவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற அறிவியலாளர். அப்படி எளிதில் விலகாமல் துகள்கள் முரண்டு பிடிப்பதாலும்தான் ஈர மணல் வண்டியையும் தாங்குகிறது.

இப்போது டயருக்கு வருவோம். வண்டி 160 கிலோ, சித்தப்பா 65 கிலோ, மொத்தம் 225 கிலோ. பங்க்சர் கடையில் ‘28 பாயின்ட் காத்து’ என்று கேட்டு அடிப்பார்களே, அந்த அழுத்தத்தில் டயரின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏறக்குறைய 2 கிலோவைத் தாங்கும். 225ஐ 2ஆல் வகுத்தால் சுமார் 112 சதுர சென்டிமீட்டர். இரண்டு டயர்களும் சேர்ந்து தரையைத் தொடும் பரப்பு அவ்வளவுதான். ஒரு டயருக்கு 56, அதாவது சீட்டுக்கட்டிலுள்ள ஒரு சீட்டின் அளவு. பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் விழாமல் நிற்பதும் இந்த இரண்டு சீட்டுகளை நம்பித்தான்.

காற்றை 14 பாயின்ட்டுக்குக் குறைத்தால்? அழுத்தம் பாதியானதால் பரப்பு இரட்டிப்பாக வேண்டும். டயரின் பக்கச்சுவருக்கும் கொஞ்சம் விறைப்பு உண்டு என்பதால் கணக்கு அச்சுப் பிசகாமல் வராது. ஆனாலும் டயர் நன்றாகவே தட்டையாகும். எடை அகலமாகப் பரவுவதால் மணலில் குறைவாகப் புதையும். மண்பாதைக்குள் நுழையுமுன் வண்டியை நிறுத்திவிட்டுச் சிலர் ‘புஸ்’ என்று காற்றை இறக்குவது இதற்காகத்தான். ரொம்பவும் இறக்கினால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும்.

காற்றடைத்த டயர் புழக்கத்துக்கு வந்ததே ஒரு சிறுவனால்தான். பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் டன்லப், மகனின் மூன்றுசக்கர சைக்கிள் கடகடவென்று ஆடாமல் ஓடுவதற்காக ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். 1888இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அது சக்கரத்தோடு ஒட்டியிருந்தது. பங்க்சரானால் பெரிய பாடு. கழற்றி மாட்டக்கூடிய சைக்கிள் டயரை 1891இல் கொண்டுவந்தவர்கள் பிரான்சின் மிஷ்லென் சகோதரர்கள். புதுச்சேரி அப்போது அவர்கள் நாட்டின் ஆட்சியில்தான் இருந்தது. நம் பக்கத்துக் கதை இன்னும் வேடிக்கை. 1946இல் சென்னை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரிதான் இன்றைய எம்.ஆர்.எஃப். அவர்களுடைய டயர் ஆலை ஒன்று புதுச்சேரியிலேயே, நெட்டப்பாக்கத்தை அடுத்த ஏரிப்பாக்கத்தில் இருக்கிறது.

மண்பாதைக்கான டயரில் கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருக்கும். மெக்கானிக்குகள் பட்டன் டயர் என்பார்கள். ஒவ்வொரு பட்டனும் மண்ணுக்குள் இறங்கிப் பிடித்துத் தள்ளும். பட்டன்களுக்கு நடுவே அகலமான இடைவெளி விட்டிருப்பது சேற்றுக்காக. நெருக்கமாக இருந்தால் களிமண் அடைத்துக்கொண்டு டயர் வழவழப்பாகிவிடும். இடைவெளி இருந்தால் சக்கரம் சுழலும் வேகத்தில் சேறு பிய்த்துக்கொண்டு தெறிக்கும் (பின்னால் வருகிறவர் முகத்தில்!). அதே டயர் தார்ச்சாலையில் மோசம். பட்டன்களின் தலை மட்டும்தான் சாலையைத் தொடும். பிரேக் பிடித்தால் பட்டன்கள் மடங்கி வண்டி நெளியும். ரப்பரும் சீக்கிரம் தேயும். புதுச்சேரியிலிருந்து கிளம்புகிறவர் மண்ணைத் தொடுவதற்கு முன் பல கிலோமீட்டர் தார்ச்சாலையில் போயாக வேண்டும். முழுப் பட்டன் டயர் படத்தில் அழகு. நம் ஊருக்கு நான் சொல்வது பாதி சாலை, பாதி மண் என்று செய்யப்பட்ட டயர்தான்.

அடுத்தது சக்கரத்தின் உயரம். இந்த வண்டிகளின் முன்சக்கரம் பெரியது. ரிம் 21 அங்குலம். 10 அங்குலச் சக்கரம் கொண்ட ஸ்கூட்டரையும் இதையும் 8 சென்டிமீட்டர் உயரக் கல்லின் முன் நிறுத்துங்கள். மேலேறுவதற்குத் தேவையான முன்னோக்கிய விசையைக் கணக்கிட்டால், ஒரே எடைக்கு ஸ்கூட்டருக்குச் சுமார் ஒன்றரை மடங்கு வேண்டும். சின்னச் சக்கரத்துக்கு அந்தக் கல் ஒரு சுவர், பெரியதற்கு ஒரு சரிவு. ஒரு வளையலையும் ஒரு சாப்பாட்டுத் தட்டையும் பென்சில் மேல் ஏற்றி உருட்டிப் பார்த்தால் கையே சொல்லிவிடும்.

கல்லை ஏறிய சக்கரம் இறங்கவும் வேண்டுமே. அங்கேதான் ஷாக் அப்சார்பர். 40 சென்டிமீட்டர் உயர வரப்பிலிருந்து வண்டி குதிப்பதாகக் கொள்ளுங்கள். ஷாக் 10 சென்டிமீட்டர் மட்டுமே அமுங்கி வண்டியை நிறுத்தினால், சராசரியாக எடையைப்போல் 5 மடங்கு விசை தாக்கும். 20 சென்டிமீட்டர் அமுங்கினால் 3 மடங்குதான். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வண்டியில் முன்பக்கம் 190 மில்லிமீட்டர் அமுங்கும். சாதாரண வண்டிகளில் இதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் அமுங்கியது மறுபடி எகிறி ஆளைத் தூக்கிப் போடும். அதனால் உள்ளே எண்ணெய் இருக்கிறது. சிறு துளைகள் வழியே பிதுங்கும் எண்ணெய், குதித்த ஆற்றலை வெப்பமாக்கி விழுங்கிவிடுகிறது. கரடுமுரடான பாதையில் ஓடி வந்த வண்டியின் பின் ஷாக் சுடுவது இதனால்தான், தொட வேண்டாம்.

ஷாக் நீளமானால் சீட்டும் உயரும். எக்ஸ்பல்ஸின் சீட் உயரம் 82 சென்டிமீட்டருக்கு மேல். சித்தப்பாவைச் சுவரோரம் நிற்க வைத்து, கால்களுக்கு நடுவே ஒரு நோட்டை மேலே இடிக்கும்வரை உயர்த்தி, தரையிலிருந்து நோட்டுவரை டேப்பால் அளந்துவிடுங்கள். அவர் உட்கார்ந்ததும் வண்டி கொஞ்சம் அமுங்கும் என்பதால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறைந்தாலும் சமாளிக்கலாம். அதற்கு மேல் குறைந்தால் சேற்றில் நிற்கும்போது கால் ஊன்ற முடியாது. கடைக்காரர் இதை அவராகச் சொல்லமாட்டார்.

எடையும் முக்கியம். மண்பாதையில் யாரும் விழாமல் இருப்பதில்லை. விழுந்த வண்டியைத் தூக்கித்தான் ஆக வேண்டும். சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு முன்பு செய்த 411 சி.சி. ஹிமாலயன் 200 கிலோவை ஒட்டியது. லடாக் போகிறவருக்குச் சரி. உதிர் மணலில் தனியாகத் தூக்கிப் பார்த்தால் தெரியும் சங்கதி. சி.சி. குறைந்த வண்டிக்கு ஏறும் பலம் போதாது என்று பயப்பட வேண்டாம். கியர் சைக்கிளில் பின்பக்கப் பல்சக்கரம் பெரிதானால் மிதிப்பது எளிதாகும், வேகம் குறையும் அல்லவா? பின்பக்க ஸ்ப்ராக்கெட்டை ஒரு சுற்றுப் பெரிதாக்கினால் 200 சி.சி. வண்டியும் மெதுவாக, திணறாமல் மேடேறும்.

இதைவிட இலேசான, உண்மையான பந்தய வண்டிகள் உண்டு. கவாசாகியின் கேஎக்ஸ் வகையில் பெரியவையே 110 கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் ஹெட்லைட் கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது. பதிவு எண்ணும் கிடைக்காது. அடைத்த மைதானத்துக்கு வேனில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

பாலைவனத்திலேயே ஓட்டுகிறவர்களும் நம்மிடையே உண்டு. டக்கார் ராலி என்ற நெடுந்தூரப் பந்தயம் 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து ஆப்பிரிக்காவின் டக்கார் நகரை நோக்கி முதலில் கிளம்பியது. இப்போது சவூதி அரேபியாவில் நடக்கிறது. அதை முடித்த முதல் இந்தியர் பெங்களூரின் சி.எஸ்.சந்தோஷ், 2015இல். கேரளத்தின் ஹாரித் நோவா 2024இல் 11ஆம் இடம் பிடித்தார். அவர் ஓட்டியது ஓசூர் டி.வி.எஸ். பங்கேற்ற அணியின் வண்டி. 2019இல் பாஹா என்ற மண்பாதைப் பந்தயங்களுக்கான உலகக் கோப்பையின் பெண்கள் பட்டத்தை வென்ற ஐஸ்வர்யா பிஸ்ஸேயும் பெங்களூர்க்காரர்தான்.

உங்களுக்கும் ஆசை வரும். 18 வயது நிரம்பாதவர் இந்த வண்டியைச் சாலையில் ஓட்டினால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டுவரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. சட்டம் 2019இல் இப்படித் திருத்தப்பட்டது. ஆகவே சித்தப்பா கெஞ்சினாலும் மாட்டேன் என்று சொல்லுங்கள்.

மண்ணைக் கவ்வும் டயர் மண்ணைப் பெயர்க்கவும் செய்யும். வண்டி போன இடத்தில் கோடு விழும். மழை பெய்தால் அந்தக் கோடுதான் வாய்க்கால். புதுச்சேரிக்கு ஆண்டில் பெய்யும் மழை சுமார் 1,300 மில்லிமீட்டர், அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலன்று ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பள்ளத்தில் ஒடுங்கிய நீர் வேகம் பிடிக்கும். வேகம் இரண்டு மடங்கானால், அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். ஆரோவில் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் அறுந்து கிடக்கும் செம்மண் ஓடைகளை வெட்டியது இப்படிப்பட்ட நீர்தான். 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு பெரும்பாலும் மொட்டை நிலம். மண்கரை கட்டி, மரம் நட்டு, பல பத்தாண்டுகளாக அந்த அரிப்பைத் தடுத்திருக்கிறார்கள். அங்கே புதுத் தடம் போடுவது அவர்கள் கட்டிய கரையை உடைப்பதற்குச் சமம். ஏற்கெனவே உள்ள வண்டிப்பாதையில், நிலத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு, பின்சக்கரம் வெறுமனே சுழலாதபடி போகலாம். மழை விட்டு இரண்டு மூன்று நாள் மண் உலரட்டும்.

திரும்பி வரும்போது தார்ச்சாலையில் ஏறுமுன் டயரில் மறுபடி 28 பாயின்ட் ஏற்ற வேண்டும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். வேகமாகப் போனால் ரப்பர் பிளந்துவிடும். மண்பாதையின் முனையில் எல்லா இடத்திலும் பங்க்சர் கடை இருக்காது. எனவே வண்டி வாங்கும் பணத்தில் ஒரு கைப் பம்புக்கும் அழுத்தமானிக்கும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.