எழுதினார் யார்? எண் தரும் சான்று

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுவது நம் முன்னோர் மரபு. ஆயினும் இக்காலக் கல்லூரிகளில் எண்ணைக் கற்போர் ஒரு கட்டடத்திலும் எழுத்தைக் கற்போர் மற்றொரு கட்டடத்திலும் அமர்ந்து, ஒருவர் முகம் ஒருவர் அறியாது ஆண்டுகளைக் கழிக்கின்றனர். இவ்விரு திறத்தாரும் கூடி ஆராயத்தக்க துறையொன்று உண்டு. ஆசிரியர் பெயர் தெரியாத எழுத்தையும், பெயர் ஐயுறப்படும் எழுத்தையும் எடுத்து, அவற்றின் சொற்களை எண்ணி, இவை இன்னார் எழுதியனவாதல் கூடும் என உணர்த்துவது அத்துறை. அதனை நடையளவை எனலாம். நோயாளரிடம் அளந்து பெற்ற எண்களை மருத்துவ ஆராய்ச்சியாளர் எம்முறையால் ஆய்கின்றனரோ, பெரும்பாலும் அம்முறையே ஈண்டும் பயன்படுகின்றது. அதன் இயல்பையும் எல்லையையும் சிறிது விளக்கப் புகுகின்றோம்.

எபிரெயருக்கு எழுதின நிருபம் பவுலடியார் எழுதியதோ அன்றோ என்பது பண்டே எழுந்த ஐயம். மூன்றாம் நூற்றாண்டினரான ஓரிகன், அதனை எழுதினார் யார் என்பதைக் கடவுளே அறிவார் என்று கூறி அமைந்தார். 1851-ஆம் ஆண்டில் இலண்டன் கணிதப் பேராசிரியர் அகஸ்டஸ் டி மார்கன், தம் நண்பரான குருவானவர் ஒருவருக்கு வரைந்த கடிதத்தில், நிருபங்களிலுள்ள கிரேக்கச் சொற்கள் சராசரியாக எத்துணை எழுத்துடையன என்று எண்ணிப் பார்த்தால் இத்தகைய ஐயங்கள் தெளியக்கூடும் என்றார். ஒருவர் இரு வேறு பொருள்பற்றி எழுதினும் தம்மோடு தாம் ஒத்திருப்பர். இருவர் ஒரே பொருள்பற்றி எழுதினும் தம்முள் வேறுபடுவர் என்பது அவர் கருத்து. அமெரிக்கப் பௌதிக அறிஞர் மெண்டன்ஹால் 1887-இல் இதனைச் செயற்படுத்தி, ஆசிரியர் சிலர் ஆளும் சொற்களின் நீளத்தை எண்ணி வரைகோடுகளாக வரைந்து காட்டினார்.

மருத்துவக் கணக்கும் நடையளவையும் ஒருவர் கையிலேயே கூடிய வரலாறும் உண்டு. உட்னி யூல் என்னும் பிரித்தானியப் புள்ளியியலார் 1915-இல் கிரீன்வுட் என்பாருடன் சேர்ந்து, டைபாய்டுக் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இடப்பட்ட தடுப்பூசி பயன் தந்ததா என ஆராய்ந்தார். ஊசி இட்டுக்கொண்டோரும் இட்டுக்கொள்ளாதோரும் ஏனைய நிலைகளில் ஒத்தவராயும், நோய்க்கு ஒரே அளவில் இலக்கானவராயும் இருந்தாலன்றி அவ்விரு கூட்டத்தாரை ஒப்பிடல் ஆகாது என்று அவர்கள் வற்புறுத்தினர். அதே யூல் 1939-இல் வெளியான கட்டுரையில், வாக்கியங்களின் நீளத்தை அளந்து இரண்டு நூல்களின் ஆசிரியரை ஆராய்ந்தார். ஒன்று, தாமஸ் அ கெம்பிஸ் பெயரால் வழங்கும் ‘கிறிஸ்துவைப் பின்பற்றுதல்’. மற்றொன்று, இலண்டன் மரணப் பதிவுகளை ஆராய்ந்து 1662-இல் ஜான் கிராண்ட் என்னும் வணிகர் வெளியிட்ட நூல். மக்கள் நலக் கணக்கியலின் முதனூலாகப் போற்றப்படுவது. அதனை உண்மையில் எழுதியவர் மருத்துவரான வில்லியம் பெட்டி என்போரும் இருந்தனர். யூல் எண்ணியபோது, பெட்டியின் வாக்கிய அளவு அந்நூலோடு பொருந்தவில்லை. வணிகருக்குரிய புகழை எண் காத்தது.

இம்முறை நடக்கும் வகையை ஒரு கற்பனையால் விளக்குவோம். எம்மூராகிய பனவடலிசத்திரத்தில் பிறருக்காக விண்ணப்பம் எழுதித் தருவோர் இருவர் உளர் என வைத்துக்கொள்வோம். கையொப்பமற்ற விண்ணப்பம் ஒன்று சங்கரன்கோவில் வட்டாட்சியர் அலுவலகத்திற்குச் சென்றுவிட்டது. எழுதினார் இருவருள் யார்? ‘கிணறு’, ‘பட்டா’, ‘வாய்க்கால்’ முதலிய சொற்களை எண்ணிப் பயனில்லை. அவை வழக்கின் பொருளால் வருவன. ‘ஆகவே’ போன்ற சொற்களோ எவ்வழக்கிலும் வருவன. ஐயமின்றி அவரவர் எழுதிய விண்ணப்பங்களில் இருபதிருபது எடுத்து எண்ணுகின்றோம். ஆயிரம் சொற்களுக்கு முதல்வர் ‘ஆகவே’ என்பதை எட்டு முறை ஆள்கின்றார்; எனினும் ஒரு விண்ணப்பத்தில் ஐந்தும் மற்றொன்றில் பதினொன்றுமாக அது மாறுகின்றது. மற்றவர் இரண்டு முறை ஆள்கின்றார். அதுவும் சுழிக்கும் நான்கிற்கும் இடையே அசைகின்றது. ஐயத்திற்குரிய விண்ணப்பத்தில் ஏழு உள. முதல்வர் பக்கம் நம் கருத்துச் சாய்கின்றது.

ஒரு சொல்லை மட்டும் நம்புதல் தகாது. இருபது முப்பது சொற்களை ஒருங்கே நோக்கல் வேண்டும். அவற்றுள் சில சேர்ந்தே மிகுவன. சில ஒன்று மிக மற்றொன்று குறைவன. ஆதலின் வேறுபாடுகளை வெறுமனே கூட்டுதல் பிழையாகும். ஒவ்வொன்றும் இயல்பாக எவ்வளவு அசைகின்றது, எவையெவை இணைந்து அசைகின்றன என்பவற்றையும் உட்கொண்டு தொலைவை அளக்கும் முறையை, மனிதர் உடலளவுகளை ஒப்பிட்டு ஆராய்ந்து வந்த நம் நாட்டு அறிஞர் மகலனோபிஸ் 1936-இல் வகுத்தளித்தார். மருத்துவத்திலும் நடையளவையிலும் அவ்வளவை இன்றும் பயில்கின்றது.

சிறு சொற்களே பெருஞ்சான்றாதல் தமிழ் மாணவர்க்கு வியப்பாகாது. தனித்து நடவாது பெயரையும் வினையையும் சார்ந்து நிற்கும் இடைச்சொற்களுக்கென்றே தொல்காப்பியர் ஓர் இயல் வகுத்தனர். எழுதுவோர் பெயரையும் வினையையும் தேர்ந்து அமைப்பர். உம், ஏ, ஓ முதலியவற்றையோ கைப்பழக்கமாக இடுவர். பிறர் நடையைப் போல எழுத முயல்வோரும் இவற்றைக் கவனிப்பது அரிது. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்துப் புனைபெயரில் வெளிவந்த கட்டுரைகளுள் 12, ஹாமில்டன் எழுதியனவோ மாடிசன் எழுதியனவோ என நெடுங்காலம் வழக்கிடப்பட்டன. மாஸ்டெல்லர், வாலஸ் என்னும் இருவர் 1964-இல் வெளியிட்ட நூலில், இத்தகைய சிறு சொற்களைக் கொண்டே அவை மாடிசனுடையன எனக் காட்டினர். ‘அப்பான்’ என்னும் சொல்லை ஹாமில்டன் ஆயிரத்திற்கு ஏறத்தாழ மூன்று முறை ஆள, மாடிசன் மிக அருகியே ஆண்டிருந்தனர்.

இனித் தமிழ்நாட்டிற்கு வருவோம். 1882-இல் எட்டயபுரத்திற் பிறந்த பாரதியார், 1906 முதல் சென்னையில் ‘இந்தியா’ வாரப் பத்திரிகையை நடத்தினார். அதில் வந்தவற்றுள் பல கையொப்பமற்றவை. பெயரிடாமை அந்நாளில் எழுதுவோர்க்குக் கவசமாயிற்று. 1908-இல் அப்பத்திரிகையின் ஆசிரியராகப் பதிவு பெற்றிருந்த சீனிவாசன் சிறை புகுந்தார். பாரதியார் புதுச்சேரி சேர்ந்தார். ஆதலின், இக்கட்டுரை யாருடையது என்னும் கேள்வி இலக்கிய ஆசையால் மட்டும் எழுவதன்று. ஒருவர் துணிந்து ஏற்ற இடர் எவ்வளவு என்பதும் அதனுள் அடங்கும். பாரதியார், சுப்பிரமணிய ஐயர், திரு.வி.கலியாணசுந்தரனார் ஆகிய மூவர் நடையையும் புள்ளியியலார் பகவன்தாஸ், மணிமன்னன் என்போர் ஆராய்ந்து, 2008-இல் அயல்நாட்டு ஆய்விதழொன்றில் வெளியிட்டனர். ஒருவர் நடை தன்னுள் ஒருசீராக உள்ளதா என்னும் வினாவும், பெயரற்ற எழுத்து யாருடையது என்னும் வினாவும் அதில் இணைந்து நிற்கின்றன. முன்னது தெளியாமல் பின்னதற்கு விடை இல்லை.

தமிழில் இவ்வேலைக்குச் சிறப்பான இடர்களும் உண்டு. உம், ஏ முதலியன சொல்லோடு ஒட்டி வருதலின், புணர்ச்சி பிரித்த பின்னரே எண்ணல் இயலும். பழைய ஏடுகளில் நிறுத்தக்குறிகள் இல்லை. இன்று நாம் காணும் வாக்கிய எல்லை பெரும்பாலும் பதிப்பாசிரியர் இட்டது. செய்யுளில் சீரும் தளையும் சொல்லைத் தெரிவதில் பங்கு கொள்கின்றன. அகத்தியர் பெயரால் வழங்கும் சித்த மருத்துவ நூல்கள் பல. அவற்றின் மொழியோ பிற்காலத்தது. எவை ஒருவர் கையின, எவை பலர் கையின என்று பிரித்தறிந்தால், ஒரு மருந்து முறையின் வரலாறும் தெளிவுறும். ஆனால் ஏடு எழுதினோரின் மாற்றங்களையும் யாப்பின் கட்டாயத்தையும் கருதாது எண்ணத் தொடங்கினால், நாம் அளப்பது ஆசிரியரையோ ஏடெழுதினாரையோ என்பதே விளங்காது. ஒத்தவற்றையே ஒப்பிடுக என்று தடுப்பூசிக்குச் சொன்ன விதி இங்கும் விதியாம்.

இம்முறையின் எல்லையை மாணவராகிய நாம் அறிந்திருத்தல் இன்று இன்றியமையாதது. கட்டுரை வரையும் கணினிப் பொறிகள் தோன்றிவிட்டன. அவ்வெழுத்தைக் கண்டுபிடிப்பதாகக் கூறும் பொறிகளும் தோன்றிவிட்டன. ஒரு கணக்கைப் பாருங்கள். ஆயிரம் கட்டுரைகளுள் 20 பொறி எழுதியவை எனவும், சோதனை நூற்றுக்கு 95 மெய் கூறும் எனவும் கொள்வோம். அது அவ்விருபதில் 19-ஐப் பிடிக்கும். எஞ்சிய 980 தூயவற்றிலும் நூற்றுக்கு ஐந்தாக 49-ஐக் குற்றம் சாட்டும். சாட்டப்பட்ட 68 பேருள் குற்றமுடையார் 19 பேரே. அரிய நோயைத் தேடும் சோதனையில் நலமுடையார் பலர் நோயாளராகத் தோன்றுவது இக்கணக்கினாலேயே. நல்ல மருத்துவர் அச்சோதனையோடு நில்லாது நோயாளரை நேரிற் கண்டு, மறுசோதனை செய்து, பின்னரே முடிவு கூறுவர். ஒரு மாணவரின் நேர்மையும் அத்துணைப் பொறுமைக்கு உரியதன்றோ?

எண் சான்று கூறும். தீர்ப்புக் கூறுவது மனிதர் கடன். அச்சான்றை மதித்துக் கேட்பதற்கு எண்ணறிவும், குறுக்குவினா எழுப்புவதற்கு மொழியறிவும் வேண்டும். புள்ளியியல் மாணவர் எண்ணும் பொறியை அமைக்க, தமிழ் மாணவர் சொற்களைப் பிரித்துத் தர, நம் கல்லூரி நூலகத்திலுள்ள பழைய பத்திரிகைத் தொகுதி ஒன்றேனும் ஆராயப்படலாம். பெயரின்றிப் பணி செய்தோர்க்கு நாம் செலுத்தும் கடனாக அது அமையும். நண்பர்கள் முயல்வார்களாக.