தேதி கேட்கும் கேள்விகள்

“முன்னொரு வருஷத்தில் இதே தேதியில் நடந்தது என்ன?” என்று நாள்தோறும் ஒரு வினாவை எழுப்பி விடை தேடும் பழக்கம் பல இல்லங்களில் பரவியிருக்கிறது. பத்திரிகைகள் நெடுங்காலமாக இதற்கென்று ஒரு மூலையை ஒதுக்கி வந்தன. இக்காலத்திலோ கைப்பேசியே காலையில் வினாவைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது. பிள்ளைகள் விடை சொல்லி மதிப்பெண் பெறுகிறார்கள். மாலைக்குள் அதை மறந்தும் விடுகிறார்கள். பழக்கம் நல்லதே. ஆனால் ஒரு தேதியோடு நின்றுவிடாமல் அடுத்த வினாவையும் கேட்டால்தான் அது கல்வியாகும் என்பது நம் எண்ணம். காவேரி சூழ்ந்த இந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில் குடியிருக்கும் நமக்கு அதற்கான வசதி வாசலிலேயே இருக்கிறது.

மே மாதம் 4-ந் தேதியை எடுத்துக்கொள்வோம். 1799-ஆம் வருஷம் அன்றுதான் கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தான் போரில் மாண்டார். இவ்வளவும் ஒரு வரி விடை. ஏன் மே மாதம் என்று பிள்ளை கேட்குமாயின் விடை ஆற்றில் இருக்கிறது. கோடையில் காவேரியில் நீர் வற்றியிருக்கும். பருவமழை தொடங்கினால் வெள்ளம் பெருகி, சேனை ஆற்றைக் கடக்க இயலாது. 1791-இல் கார்ன்வாலிஸ் பிரபு இவ்வூர் வரை வந்தும், உணவுப் பஞ்சத்தாலும் மழையாலும் திரும்ப நேர்ந்தது. ஆகவே 1799-இல் ஜெனரல் ஹாரிஸ் மழைக்கு முன்னரே காரியத்தை முடிக்க விரைந்தார். மதிலில் உடைப்பு ஏற்பட்டதும், மறுநாள் பிற்பகல் ஒரு மணியளவில் படை ஆற்றில் இறங்கியது.

அப்படையை நடத்தியவர் டேவிட் பேர்ட். அவர் யார் என்று கேட்டால் நாம் மற்றொரு தேதிக்குச் செல்லவேண்டும். 1780 செப்டம்பர் 10-ந் தேதி, காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் முறியடித்தார்கள். அன்று சிறைப்பட்டவர்களில் பேர்டும் ஒருவர். 1784-இல் மங்களூர் உடன்படிக்கைக்குப் பிறகே விடுதலை பெற்றார். தாம் கைதியாகக் கிடந்த ஊரைப் பதினைந்து வருஷங்கள் கழித்து அவரே தாக்கினார். பெய்லியோ 1782-இல் இங்கேயே சிறையில் இறந்தார். பொள்ளிலூர்ப் போர் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் பெரிய சித்திரமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. விடுமுறையில் ஊரிலிருந்து வரும் உறவினரை அங்கே அழைத்துச் செல்லும்போது, “இது நம் காஞ்சிபுரத்துப் பக்கத்தில் நடந்தது” என்று ஒரு சொல் சொன்னால், அவர்கள் இன்னும் சற்று நேரம் நின்று பார்ப்பார்கள்.

நம்மில் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திண்டுக்கல் பகுதிகளிலிருந்து வந்த குடும்பங்கள் பல. அவர்களுக்கு 1792 மார்ச்சு மாதம் முக்கியமானது. அப்போது இவ்வூரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி திப்பு தம் ராஜ்யத்தில் பாதியை இழந்தார். பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனியின் கைக்குப் போயின. கோயமுத்தூர் 1799-இல் போயிற்று. அதற்கு முன்பு அவ்வூர்களின் விளைச்சலிலிருந்து வரி இக்கோட்டைக்கே வந்தது. “நாம் எங்கிருந்தோ வந்து இங்கே ஒட்டிக்கொண்டவர்களா?” என்று வளரும் பிள்ளைகள் சில சமயம் மனம் குன்றிக் கேட்கிறார்கள். பிழைப்புக்காக வந்தோம் என்பது மெய்யே. ஆயினும் நம் பாட்டனார்களின் ஊருக்கும் இம்மண்ணுக்கும் உறவு நேற்று ஏற்பட்டதன்று என்பதை அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

சில தேதிகளில் எச்சரிக்கை வேண்டும். திப்பு பிறந்த நாளைச் சில நூல்கள் 1750 நவம்பர் 20 என்றும், வேறு சில 1751 டிசம்பர் 1 என்றும் கூறுகின்றன. பழைய தேதிகளைக் கணக்கிடுவதில் வேறு சிக்கலும் உண்டு. இங்கிலாந்திலேயே 1752-இல் பஞ்சாங்கத்தைத் திருத்தியபோது செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று வைத்தார்கள். திப்புவும் மௌலூதி என்னும் தனி ஆண்டுக் கணக்கை நடத்தினார். அவருடைய நாணயங்களில் அதைக் காணலாம். இத்தகைய இடங்களில், “எது சரி?” என்று மதிப்பெண் இடுவதைவிட, “ஏன் வேறுபடுகிறது?” என்று கேட்பதே தகும்.

மனம் நோகும் தேதிகளும் உள்ளன. 1924 பிப்ரவரி 18-ந் தேதி சென்னை, மைசூர் அரசுகள் காவேரி நீர் குறித்து ஒப்பந்தம் செய்துகொண்டன. இதை வினாவாக்கினால் அண்டை வீட்டாரோடு வாக்குவாதம் வருமோ என்று அஞ்சி ஒதுக்குவோர் உண்டு. ஒதுக்க வேண்டாம். எப்போது, யாரோடு யார், எதற்காக என்று நிகழ்ந்ததை மட்டும் கேட்போம். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றவேண்டாம். நவம்பர் 1-ந் தேதி இன்னும் பொருத்தமானது. 1956-இல் அதே நாளில்தான் மொழிவாரியாக இரு ராஜ்யங்களின் எல்லையும் புதிதாக வகுக்கப்பட்டது. 1973-இல் அதே நாளில் மைசூர் ராஜ்யம் கர்நாடகம் என்று பெயர் பெற்றது. பள்ளியில் கன்னடக் கொடி ஏற்றும் நாளில் நம் பிள்ளை தமிழ்நாட்டின் கதையையும் சேர்த்துச் சொல்லுமாயின், தோழர்கள் ஆவலுடன் கேட்பார்கள்.

நம் இலாகாவைப் பற்றியும் ஒரு வினா உண்டு. இரட்டைப் பாதை போடும்போது குறுக்கே நின்ற திப்புவின் வெடிமருந்துக் கிடங்கை இடிக்காமல், 2017 மார்ச்சு மாதம் அப்படியே பெயர்த்து நூறு மீட்டருக்கு மேல் நகர்த்தி வைத்தார்கள். தண்டவாளமும் சரித்திரமும் ஒன்றுக்கொன்று வழிவிட்ட நிகழ்ச்சி அது.

அன்பர்கள் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கலாம். நாளுக்கு ஒரு தேதி. அதன் கீழே ‘ஏன்’ என்று ஒரு வினா. நம் சொந்த ஊரோடு தொடர்பு இருந்தால் ஒரு வரி. கேள்வியைத் தமிழில் எழுதச் சொன்னால் எழுத்துப் பழக்கமும் கூடும். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்துக்கு வரும்போது அந்நோட்டைப் பிள்ளைகள் கையோடு கொண்டு வரட்டும். ஒருவர் கேட்க மற்றவர் விடை சொல்லட்டும். 1806 ஜூலை 10-ந் தேதி வேலூரில் சிப்பாய்கள் எழுந்தபோது திப்புவின் மக்கள் அங்கே ஏன் இருந்தார்கள் என்பதை முதல் வினாவாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு விடை தேடுவோர் மறுபடியும் இவ்வூர்க் கோட்டைக்கே வந்து சேருவர்.