நுரையீரலில் பூசணம்: விரைந்து கண்டறியும் முறை

சரியாக உலராத ரப்பர் தகட்டின்மீது பூசணம் படர்வதைத் தோட்டத்தில் காணாதவர் இலர். பூசணங்களின் நுண்ணிய வித்துகள் கண்ணுக்குப் புலப்படாமல் காற்றில் மிதக்கின்றன. நாள்தோறும் அவற்றை நாம் சுவாசிக்கிறோம். உடல் நலமுடன் இருப்பவருக்குப் பெரும்பாலும் அவற்றால் தீங்கு நேர்வதில்லை.

ஆயினும், முன்பு காசநோய் கண்டு நுரையீரலில் குழி விழுந்தவர்கள், கட்டுக்கடங்காத நீரிழிவு உடையவர்கள், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் உட்கொள்பவர்கள் ஆகியோரின் நுரையீரலில் பூசணம் வேரூன்றக்கூடும். ஓயாத இருமல், காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியன அதன் அறிகுறிகள். இவை காசநோய்க்கும் உரியவையே. எக்ஸ்ரே படத்திலும் இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம். ஆனால், காசநோய் மருந்து பூசணத்தை அழிக்காது. ஆகவே, எந்நோய் என்பதை உறுதிசெய்வது இன்றியமையாததாகிறது.

சளிப் பரிசோதனையில் உண்மை தெளிவாகாதபோது, மருத்துவர் நுரையீரலிலிருந்து மிகச் சிறிய தசைத்துணுக்கை எடுப்பதுண்டு. மூச்சுக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தியோ, ஸ்கேன் படத்தின் துணையோடு மார்பில் ஊசியைச் செலுத்தியோ இது எடுக்கப்படும். அதிலுள்ள பூசணத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்கச் சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும். கடுமையாக நோயுற்றவர் அதுவரை காத்திருக்க இயலுமா?

இக்காலத் தாமதத்தைக் குறைப்பது ஒளிரும் சாயம். துணிகளுக்கு வெண்மையூட்டப் பயன்பட்ட கால்கோஃபுளோர் என்னும் சாயமே அது. பூசணத்தின் மேற்சுவரில் கைட்டின் என்னும் பொருள் உள்ளது. மனிதத் தசையில் அது இல்லை. துணுக்கின்மீது காரக் கரைசலை இட்டால் தசை கரைந்து தெளியும். சாயமோ பூசணத்தைப் பற்றிக்கொள்ளும். பின்னர்ப் புற ஊதா ஒளி பாய்ச்சி நுண்ணோக்கியில் நோக்கினால், இருண்ட வானில் மின்னல் கீற்றுப்போல் பூசண இழைகள் ஒளிரும். சில நிமிடங்களிலேயே விடை கிடைத்துவிடும்.

இழைகளின் வடிவமும் ஒரு செய்தி கூறும். அஸ்பெர்ஜில்லஸ் இழைகள் மெல்லியவை. இடையிடையே தடுப்புகள் கொண்டு, ஏறக்குறைய 45 பாகைக் கோணத்தில் கிளை பிரிபவை. மியூக்கர் வகை இழைகள் நாடாபோல் அகன்றவை. தடுப்புகள் அருகி, பெரும்பாலும் 90 பாகையில் பிரிபவை. முன்னதற்கு வோரிகோனசோல் என்னும் மருந்து பயன்தரும். பின்னதற்கு அது பயன்படாது, ஆம்ஃபோடெரிசின் வேண்டும். தவறான மருந்தில் கழியும் ஒவ்வொரு நாளும் நோயாளியின் உயிருக்கு ஊறு விளைவிக்கும்.

எனினும், பஞ்சிழையும் இச்சாயத்தில் ஒளிரும் என்பதால் பயின்ற கண்களே முடிவுகூற வேண்டும். பூசணத்தின் இனத்தைத் துல்லியமாக அறிய அதை வளர்த்துப் பார்ப்பதும் தேவை. ஆதலால், முதல் முடிவு கிடைத்த பின்னரும் மருத்துவர் குறித்த நாளில் மீண்டும் செல்லுதல் வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால், நாள் சம்பளம் போகுமே என எண்ணி மறைத்தல் கூடாது. முன்பு கண்ட காசநோய், நீரிழிவு, உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் கூறுக. காசநோய் மருந்தைத் தாமாகவே நிறுத்துதல் தகாது. தசைத்துணுக்கு எடுக்கவேண்டும் என்றால், அதன் பயனையும் அபாயத்தையும் கேட்டறிந்து துணிவுடன் உடன்படுக. ஒரு சிறு துணுக்கு உரிய மருந்துக்கு வழிகாட்டி, ஒரு குடும்பத்தின் விளக்கை அணையாமல் காக்கவல்லது.