ஒரு கண்ணில் மட்டும் ஏறும் அழுத்தம்

ஒரு கண்ணில் மட்டும் அழுத்தம் கூடுகிறது; சொட்டு மருந்தை மாற்றி மாற்றி விட்டும் இறங்கவில்லை. சீட்டில் குளுக்கோமா என்றிருக்கும். அது சரிதான். ஆனால் வெகு அரிதாகச் சிலருக்கு, அந்த அழுத்தத்தை ஏற்றுவது ஐரிஸில் வளரும் மெலனோமா என்ற புற்றுநோய்.

கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையமே ஐரிஸ். கண்ணுக்குள் ஊறும் நீர், ஐரிஸும் கருவிழியும் சேரும் கோணத்தில் இருக்கும் நுண்ணிய சல்லடை வழியே வடிய வேண்டும். திருநெல்வேலியின் பாளையங்கால்வாயில் அமலைச்செடி அடைத்தால் தண்ணீர் எப்படி ஏறுமோ, அப்படித்தான் இங்கும். கட்டியின் செல்கள் சல்லடைக்குள் பரவும். இல்லையென்றால், கட்டி உதிர்த்த நிறத்துகள்களை விழுங்கிப் பருத்த செல்கள் வந்து அடைக்கும். கோணம் முழுக்க வளையமாகப் படரும் வகைதான் பொல்லாதது. புடைப்பாக எதுவும் தெரியாது.

நீலக் கண்ணர்களிடம்தான் இந்நோய் அதிகம். நம் அடர்பழுப்பு ஐரிஸிலோ கரும்புள்ளி எளிதில் கண்ணில் படாது.

மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் 40 வயதைக் கடந்த சுமார் 5,150 பேரைப் பரிசோதித்த அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வு 2003-ல் வெளியானது. அதில் 2.6 சதவீதம் பேருக்குக் குளுக்கோமா இருந்தது. பெரும்பாலும் வழக்கமான வகைதான். அத்தனை பேருக்கு நடுவே ஐரிஸ் கட்டி ஒன்று கவனத்துக்குத் தப்புவது எளிது என்பதே என் கவலை.

தப்பவிடாமல் பிடிக்கச் சோதனைகள் உண்டு. கண்ணை மரக்கச் செய்து, கண்ணாடி பதித்த லென்ஸை வைத்துக் கோணத்தைப் பார்ப்பது கோனியோஸ்கோபி. ஐரிஸுக்குப் பின்னால் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை உயர் அலைவரிசை அல்ட்ராசவுண்ட் காட்டும். ஐரிஸ் புள்ளிகளில் பெரும்பாலானவை வெறும் மச்சம். அதனால் படம் எடுத்து வைத்து, சில மாதம் கழித்து ஒப்பிடுவார்கள். புள்ளி வளர்ந்தாலோ, கண்மணி கோணினாலோ சந்தேகம் வலுக்கும். அப்போதும் தெளியாவிட்டால் மெல்லிய ஊசியால் செல் எடுத்துப் பார்ப்பார்கள்.

கட்டி இருப்பது தெரியாமல் அழுத்தத்தைக் குறைக்க வடிகால் அறுவை செய்துவிட்டால், புற்றுச் செல்கள் கண்ணை விட்டு வெளியேற நாமே வழி திறந்துவிடுகிறோம். உடலில் வேறிடம் பரவும் ஆபத்தைக் கூட்டுபவற்றில் உயர்ந்த கண் அழுத்தமும் ஒன்று, இத்தகைய முன் அறுவையும் ஒன்று. நேரத்தில் கண்டால் கட்டியை மட்டும் வெட்டி எடுக்கலாம்; கதிர்வீச்சுத் தகடும் வைக்கலாம். பாபா அணு ஆராய்ச்சி மையம் 2019-லேயே இதற்கான ருத்தேனியம்-106 தகட்டை உள்நாட்டில் தயாரித்துவிட்டது. தாமதித்தால் கண்ணையே எடுக்க நேரும்.

உங்களுக்கோ வீட்டுப் பெரியவர்களுக்கோ ஒரு கண்ணில் மட்டும் அழுத்தம் என்றால், அறுவைக்குச் சம்மதிக்கும் முன், "கோணத்தைப் பார்த்துவிட்டீர்களா டாக்டர்?" என்று கேட்டுவிடுங்கள். ஐரிஸில் புள்ளி ஏதும் தெரிந்தால், பழைய போட்டோக்களிலும் அது இருந்ததா என்று பார்த்து, அவற்றையும் கையோடு கொண்டு போங்கள்.